இரட்டை நாயனம் தெரியும், இரட்டைப் பியானோ?

கல்யாண வீட்டில் நாயனம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுதான் நம் கண்ணுக்குப் பழக்கம். ஒருவர் போட்ட சங்கதியை மற்றவர் வாங்கிக்கொள்வார். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விடாமல் கொண்டுபோவார். திருவீழிமிழலை சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் இரட்டை நாயனத்துக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள். புல்லாங்குழலுக்குச் சிக்கில் சகோதரிகள், குஞ்சுமணியும் நீலாவும். வயலினுக்கு லால்குடியின் பிள்ளையும் பெண்ணும். சேர்ந்து வாசிப்பதும் சேர்ந்து கற்றுக்கொள்வதும் நம் ஊருக்குப் புதிதில்லை.

பியானோவுக்கு வந்தால் மட்டும் காட்சி மாறிவிடுகிறது. ஒரு சுவர், சுவரை ஒட்டி ஒரு பியானோ அல்லது கீபோர்டு, அதன் முன்னால் தனியாக ஒரு குழந்தை. அறைக்கதவைச் சாத்தியிருப்பார்கள், டிவி சத்தம் கேட்கக்கூடாது என்று.

சேலையூர்ப் பக்கம் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: "சார், நாலாவது அஞ்சாவது கிரேடு பசங்க ரெண்டு பேர் ரெண்டு பியானோவில சேர்ந்து வாசிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? தேடினா ஒண்ணு பாப்பா பாட்டா இருக்கு, இல்லேன்னா ராக்மனினாஃபா இருக்கு." எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும், புத்தகம் புரட்டத் தெரியும். பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடியதில் கிடைத்தது ஒரு பட்டியல் மட்டுமல்ல, ஒரு நல்ல கதையும்கூட. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. சென்னையில் பியானோ வியாபாரத்துக்கு வயது அதிகம். மிஸ்குவித் என்பவர் 1842-ல் தொடங்கிய கடைதான் பின்னாளில் மவுண்ட் ரோட்டில் நாம் எல்லோரும் அறிந்த மியூசி மியூசிக்கல் ஆயிற்று. லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வு என்று யாராவது சொன்னால், அடுத்த வார்த்தையாக அந்தக் கடையின் பெயர் வரும். கப்பலில் வந்த பியானோக்கள் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கும், தேவாலயங்களுக்கும், பள்ளிக்கூட மண்டபங்களுக்கும் போயின. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்த ரயில்வே காலனிகளில், இன்ஸ்டிடியூட் என்று ஒரு மண்டபம் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி நடனம் என்றால் பியானோ இல்லாமல் நடக்காது. 1931-ல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று இந்த ரயில் பாதையை ஒட்டி மேற்கத்திய இசையும் மெல்ல மெல்லத் தெற்கே வந்தது.

ஆனால் எங்கே போனாலும் ஒரு பியானோதான். இரண்டு பியானோ ஒரே கூடத்தில் இருப்பது அபூர்வம். பணம் ஒரு காரணம், இடம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் நம் கடற்காற்று.

பியானோவுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் உண்டு. அத்தனையும் சேர்ந்து இழுக்கும் விசை பதினைந்து, இருபது டன் வரை போகும் என்பார்கள். அந்த இழுப்பைத் தாங்க உள்ளே ஒரு பெரிய வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கும். கம்பியில் துரு ஏறும், மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பளித் துணி வைத்த சுத்தியலைப் பூச்சி அரிக்கும், கறையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய வீடுகளில் பியானோவின் அடிப்பலகைக்குள் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டு வைத்திருப்பார்கள். யாராவது ஒளித்து வைத்த விளக்கு என்று நினைக்க வேண்டாம், ஈரத்தை விரட்டும் வைத்தியம் அது.

இப்படி வயதான பியானோவின் சுருதி வருடா வருடம் கொஞ்சம் இறங்கும். டியூனர் வந்தால் தரமான சுருதிக்கு, அதாவது நடு 'ஏ' ஸ்வரம் விநாடிக்கு 440 அதிர்வுகள் என்ற அளவுக்கு, ஏற்றப் பயப்படுவார். துருப்பிடித்த கம்பியை முறுக்கினால் அறுந்துவிடும். அதனால் அந்தப் பியானோ தனக்குத் தானே சுருதி சேர்ந்திருந்தால் போதும் என்று விட்டுவிடுவார். தனியாக வாசிக்கிறவரைக்கும் குறையே தெரியாது. அதன் பக்கத்தில் இன்னொரு பியானோவைக் கொண்டுவந்து வைத்தால்தான் வம்பு. இரண்டு தம்புராவுக்குச் சுருதி சேர்க்கப் பத்து நிமிஷம், இரண்டு பியானோவுக்கு ஒரு முழு நாள், அதுவும் இரண்டும் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தால்.

ஆகவே சென்னை தன் பியானோவைத் தனியாகவே கற்றது. மயிலாப்பூர் சாயி லாட்ஜில் ஒரு சின்ன அறையில் தன்ராஜ் மாஸ்டர் பாடம் நடத்தினார். இளையராஜாவும், ஏ.ஆர். ரகுமானும், இன்னும் எத்தனையோ பேரும் அங்கே படித்தவர்கள். அந்த அறையில் இரண்டு பியானோவுக்கு எங்கே போவது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதில் இரண்டு வகை. ஒரே பியானோவில் ஒரே பெஞ்சில் இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் மேல் ஸ்தாயியும் ஒருவர் கீழ் ஸ்தாயியும் வாசிப்பது ஒன்று. இதற்கு எல்லாத் தரத்திலும் ஏராளமாக உண்டு. டியாபெல்லி என்பவர் மாணவனின் பங்கு ஐந்தே ஸ்வரத்துக்குள் அடங்கும்படி 28 உருப்படிகள் எழுதிவைத்தார். டீச்சரம்மா பாப்பா பாட்டு என்று சொன்னது இந்த மாதிரிதான், ஆனால் அவை அப்படியொன்றும் மட்டமானவை இல்லை. இரண்டாவது வகை, ஆளுக்கொரு பியானோ. இதில் இருவருக்கும் எண்பத்தெட்டுக் கட்டைகளும் சொந்தம். முழங்கை இடிக்காது, பெடலுக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடியாது, காதால் மட்டுமே பிடிக்க வேண்டும். இரண்டாம் வகைதான் சொல்லிக்கொடுக்கக் கடினம், கற்றுக்கொண்டால் நிலைப்பதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இரண்டாம் வகை எங்கே பிறந்தது என்று பார்த்தால், பெரிய கச்சேரி மண்டபத்தில் இல்லை. வீட்டில். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில், அக்கா தம்பிக்கு நடுவில், குருவுக்கும் சிஷ்யைக்கும் நடுவில்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் சிம்மர்மன் என்பவரின் காபி கடை ஒன்று இருந்தது. யோஹான் செபாஸ்டியன் பாக் தன் இசைக்குழுவோடு வாராவாரம் அங்கே வாசித்தார். காபியும் கச்சேரியும் சேர்ந்தே இருந்தன என்பது நமக்குப் பிடித்த விஷயம். அவர் இரண்டு ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய கான்சர்ட்டோக்களில் தன் பிள்ளைகளையே வாசிக்க வைத்திருப்பார் என்பது ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கை. ஹார்ப்சிகார்டு என்பது பியானோவுக்கு மூத்த வாத்தியம், கம்பியைச் சுத்தியலால் அடிக்காமல் மீட்டும்.

ஸ்பெயினில் எஸ்கோரியல் மடத்தில் அந்தோனியோ சோலர் என்று ஒரு துறவி இருந்தார். அவரிடம் படித்தவன் அரசரின் மகன், காபிரியேல் இளவரசன். குருவும் சிஷ்யனும் எதிரெதிரே இரண்டு ஆர்கனில் உட்கார்ந்து வாசிக்க ஆறு கான்சர்ட்டோக்கள் எழுதினார். டீச்சரம்மாவிடம் நான் முதலில் சொன்ன பெயர் இவருடையதுதான். ஏனென்றால் சோலர் எழுதியது பேச்சு மாதிரி இருக்கும். முதல் ஆள் நாலு வரி சொல்வார், இரண்டாம் ஆள் அதையே திருப்பிச் சொல்வார் அல்லது கொஞ்சம் சீண்டிச் சொல்வார். தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசிப்பது போல. இருவரும் ஒரே நேரத்தில் சிக்கலாக வாசிக்கும் இடங்கள் அதிகமில்லை. அதனால் முதல் முறை சேர்ந்து வாசிக்கும் பிள்ளைகளுக்கு விழுந்தாலும் எழுந்துகொள்ள இடம் கிடைக்கும். ஆர்கனுக்கு எழுதியது பியானோவில் நன்றாகவே ஒலிக்கும். பெடலைத் தொட வேண்டியதே இல்லை. மூன்றாவது கான்சர்ட்டோ, ஜி மேஜர், அதில் தொடங்கலாம்.

மொசார்ட்டும் அப்படித்தான். 1779-ல் இரண்டு பியானோவுக்கு ஒரு கான்சர்ட்டோ எழுதியது அக்கா நானர்லும் தானும் சேர்ந்து வாசிக்க. 1781-ல் டி மேஜரில் இரண்டு பியானோ சொனாட்டா எழுதியது, தன்னிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த யோசஃபா அவுர்ன்ஹாமர் என்ற பெண்ணுடன் அவர் வீட்டில் வாசிக்க. இந்த சொனாட்டா பிற்காலத்தில் வேறு காரணத்துக்காக உலகப் புகழ் பெற்றது. 1993-ல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு இதைப் பத்து நிமிஷம் போட்டுக் காட்டி ஒரு சோதனை செய்தார்கள். கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்களாம். பலன் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போய்விட்டது. அதற்குள் மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்று ஒரு வியாபாரமே கிளம்பியது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பட்ஜெட்டில் பணம் கேட்டார். நம் ஊரிலும் கர்ப்பிணிகளுக்கென்று சிடி விற்றார்கள். அந்த இசை இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தது என்பதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. போகட்டும். சொனாட்டா அருமையானது, ஆனால் எட்டாவது கிரேடு தாண்டியவர்களுக்கு. ஐந்தாவது கிரேடு பிள்ளையிடம் கொடுத்தால் வெறுத்துவிடும்.

ஐந்தாவது கிரேடு பிள்ளைக்கு வேறு மொசார்ட் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் நார்வே நாட்டுக்காரர். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மொசார்ட் 1788-ல் சி மேஜரில் ஒரு சின்ன சொனாட்டா எழுதினார். 'கே 545' என்று அட்டவணை எண். ஆரம்பக்காரர்களுக்கு என்று தன் கைப்பட எழுதி வைத்த குறிப்பேட்டிலேயே பதிந்திருக்கிறார். பியானோ கற்கும் பிள்ளை இருக்கும் எந்த அப்பார்ட்மெண்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு இது கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும். 1877-ல் எட்வர்ட் கிரீக் இந்த சொனாட்டாவையும் மொசார்ட்டின் இன்னும் சில உருப்படிகளையும் எடுத்து, மொசார்ட் எழுதிய ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றாமல், பக்கத்தில் இரண்டாவது பியானோவுக்கென்று தனியாக ஒரு பங்கு எழுதிச் சேர்த்தார். பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் எழுதினார், அது பிறகு கச்சேரிக்கும் போய்விட்டது.

இதன் அருமை என்ன என்று பாருங்கள். பிள்ளை ஏற்கெனவே தனியாகக் கற்ற பாடத்தை அப்படியே வாசிக்கிறது. புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். பக்கத்துப் பியானோவில் டீச்சரோ, ஏழாவது கிரேடு அக்காவோ உட்கார்ந்து கிரீக்கின் பங்கை வாசிக்கத் தொடங்கியதும், ஆறு மாதமாகச் சலித்துப் போயிருந்த அந்த மெட்டுக்குக் கீழே திடீரென்று ஒரு புதிய தரை முளைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு வியன்னாவுக்குள் 19-ஆம் நூற்றாண்டு நார்வே புகுந்துவிடுகிறது. சுத்தக்காரர்கள் சிலர் இது மொசார்ட்டின் மேல் பூசிய வண்ணம் என்று முகம் சுளிப்பார்கள். கீர்த்தனைக்கு யாரோ பின்னால் சேர்த்த சிட்டைஸ்வரத்தை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நம்மிடமும் உண்டுதானே. கேட்டுப் பார்த்துவிட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். எனக்குப் பிடித்திருக்கிறது. மெதுவாக வரும் இரண்டாம் பகுதியில் கிரீக் சேர்த்தது நன்றாகவே பொருந்துகிறது.

இருவரும் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது இதில் பெரிய சௌகரியம். டீச்சரம்மாவின் சங்கடமே அதுதான். ஒரே தரத்தில் இரண்டு பிள்ளைகள், ஒரே நேரத்தில் ஓய்வு, ஒரே ஊரில் வீடு, மூன்றும் பொருந்துவது ஜாதகப் பொருத்தத்தை விடக் கஷ்டம்.

கிளெமெண்டியின் சொனாட்டினாக்களைப் பிள்ளைகள் எல்லோரும் வாசித்திருப்பார்கள். அவர் இரண்டு பியானோவுக்கும் இரண்டு சொனாட்டா எழுதியிருக்கிறார், பி ஃப்ளாட் மேஜரில். ஆறாவது கிரேடு அளவில் இரண்டு பேர் கிடைத்தால் அடுத்த படிக்கு அது நல்லது.

சிரிப்புக்கு ஒன்று. பிரான்ஸ்காரர் சேன்-சான்ஸ் 1886-ல் 'மிருகங்களின் திருவிழா' என்று 14 உருப்படிகள் எழுதினார், இரண்டு பியானோவும் சில வாத்தியங்களும் சேர்ந்து. சிங்கம், கோழி, ஆமை, யானை என்று வரிசையாக வரும். நடுவில் ஒரு மிருகத்தின் பெயர் 'பியானோக்காரர்கள்'! இரண்டு பேரும் ச ரி க ம ஏற்ற இறக்கத்தை, புதிதாகக் கற்கிறவர்களின் தடுமாற்றத்தோடு வாசிக்க வேண்டும். இந்த விளையாட்டால் தன் பெயர் கெட்டுவிடுமோ என்று அவர் பயந்து, அன்னப்பறவை ஒன்றைத் தவிர மற்றதைத் தான் உயிரோடு இருக்கும்வரை அச்சிட விடவில்லை. 1921-ல் காலமானார், 1922-ல் அச்சாயிற்று. நாலாவது கிரேடு பிள்ளைகள் தைரியமாக மேடையேறி, தப்பாக வாசித்தே கைதட்டு வாங்கக்கூடிய உருப்படி உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் அப்பாக்கள். ஹங்கேரியின் பேலா பார்தோக் 1926 முதல் 1939 வரை 'மிக்ரோகோஸ்மோஸ்' என்று 153 பாடங்களை ஆறு தொகுதிகளாக எழுதினார். முதல் இரண்டு தொகுதிகள் மகன் பீட்டருக்குச் சமர்ப்பணம். அதில் நாலு பாடங்களில் இரண்டாவது பியானோவுக்குப் பங்கு இருக்கிறது: 43, 44, 55, 68. நாலும் சின்னவை. மூன்றாவது கிரேடு பிள்ளைக்கே கை எட்டும், காதுதான் கொஞ்சம் பழக வேண்டும். 55-ஆவது பாடம் லிடியன் என்ற ஸ்வர வரிசையில் அமைந்தது. சி மேஜரில், அதாவது நம் சங்கராபரணத்தில், சுத்த மத்யமத்தை எடுத்துவிட்டுப் பிரதி மத்யமத்தைப் போட்டால் லிடியன். ஆம், நம் கல்யாணியேதான். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இந்தப் பாடத்துக்கு முகவுரையே வேண்டாம்.

லிடியன் என்றதும் நம் ஊர்ப் பையன் லிடியன் நாதஸ்வரம் நினைவுக்கு வருவார். 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. இரண்டு பியானோவுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரே ஆளாக இரண்டையும் வாசித்துக் காட்டினார். பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் அது அவதானக் கலை, நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. நான் பேசுவது மற்ற தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி.

ரஷ்யாவில் ஷஸ்டகோவிச் 1953-ல் எழுதிய இரண்டு பியானோ கான்செர்ட்டினோ, பதினைந்து வயது மகன் மக்ஸீம் இன்னொரு மாணவியோடு வாசிப்பதற்காக. 1957-ல் அதே மகனின் பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு பியானோ கான்சர்ட்டோ. அதன் கடைசிப் பகுதியில் ஹானோன் விரல் பயிற்சியை அப்படியே நுழைத்து மகனைக் கேலி செய்திருக்கிறார். ஹானோன் வாசித்துக் கை ஓய்ந்தவர்களுக்கு அந்த நகைச்சுவை உடனே புரியும். இரண்டும் எட்டாவது கிரேடு பக்கம் போகிறவை. ஆனால் அந்தக் கான்சர்ட்டோவின் நடுப்பகுதி மெதுவானது. ஆர்கெஸ்ட்ராவின் பங்கை இரண்டாவது பியானோவில் டீச்சர் வாசித்தால், தேர்ந்த ஏழாவது கிரேடு பிள்ளை சமாளிக்கலாம்.

இது பலர் யோசிக்காத வழி. எந்தக் கான்சர்ட்டோவாக இருந்தாலும் ஆர்கெஸ்ட்ராவின் பங்கை இரண்டாவது பியானோவுக்குச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். ஹைடனின் டி மேஜர் கான்சர்ட்டோ அப்படி எளிதாகக் கிடைக்கும். தாம்பரத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம், இரண்டாவது பியானோதான் ஆர்கெஸ்ட்ரா.

பிராம்ஸ், ராக்மனினாஃப், மிலோ இவர்கள் எழுதியவை இரண்டு வித்வான்களுக்கானவை. கேட்டு ரசிக்கலாம், கிட்டே போக வேண்டாம். தேடுகிறவர்கள் முதலில் இவற்றில் முட்டிக்கொண்டுதான், நடுத்தரத்துக்கு ஒன்றுமே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, என் வீட்டுத் தெருவில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஆறு வயதில் சேர்த்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு கிரேடு, கிரேடுக்கு மூன்று உருப்படி, ஏற்ற இறக்கப் பயிற்சி, பிறகு சான்றிதழ், சட்டம் போட்டுச் சுவரில். டிரினிட்டி பாடத்திட்டத்திலேயே அண்மைக் காலத்தில் ஆரம்ப நிலை முதல் மூன்றாவது கிரேடு வரை ஓர் உருப்படியை இருவர் சேர்ந்து வாசிக்கலாம் என்று இடம் வைத்திருந்தார்கள். நாலாவது கிரேடிலிருந்து தனி ஆள்தான். அடுத்த சில வருஷத்தில் பிள்ளை ஒன்பதாவது, பத்தாவது வகுப்புக்கு வந்துவிடுகிறது. டியூஷன், ரிவிஷன் டெஸ்ட். பியானோவின் மேல் முதலில் துணி விழும், பிறகு புத்தகங்கள், பிறகு அயர்ன் பண்ண வேண்டிய துணி. எங்கள் வீட்டிலும் பேத்தியின் கீபோர்டு மேல் போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. அவளை மறுபடி உட்கார வைத்தது என் உபதேசமும் இல்லை, தேர்வும் இல்லை. மேல் மாடியில் இருக்கும் அவள் சிநேகிதியும் அதே சோலரைக் கற்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். தனியாக வாசித்தால் இன்றைக்கு வேண்டாம் நாளைக்கு என்று தள்ளலாம். இன்னொருத்தி காத்திருந்தால் தள்ள முடியாது.

இரண்டு பியானோ ஒரு கூடத்தில் என்ற கனவு இப்போது சாதாரணமாகிவிட்டது, டிஜிட்டல் பியானோவால். யமஹா, கேசியோ, ரோலண்ட் எதுவாக இருந்தாலும் இரண்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே ஒரே சுருதி. கடற்காற்று ஒன்றும் செய்யாது. சில விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டை எண்பத்தெட்டு இருப்பது நல்லது, அறுபத்தொன்றில் இரண்டு பக்கமும் கை வெளியே போய்விடும். யாரோ பாட்டுக்கு ஏற்ப சுருதி மாற்றும் பொத்தானை அழுத்தி அப்படியே விட்டிருப்பார்கள், வாசிக்க ஆரம்பித்ததும் வீடே அலறும். முதலில் அதைப் பார்க்கவும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாக வரும். தனியாகக் கேட்கத் தெரியாது, இரண்டு பேர் சேர்ந்தால் கால் தடுக்கும்.

பழைய பியானோ ஒன்று வீட்டில் இருக்கிறது, சுருதி இறங்கியிருக்கிறது, ஆனால் தனக்குள் சேர்ந்திருக்கிறது என்றால் அதையும் ஒதுக்க வேண்டாம். டிஜிட்டலில் 440-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் வசதி உண்டு. பாட்டியின் சுருதிக்குப் பேத்தி இறங்கி வரட்டும்.

நோட்டுப் புத்தகம் இரண்டு பிரதி வேண்டும். இரண்டு பங்கும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக அச்சாகியிருக்கும், ஆளுக்கொன்று முன்னால் இருக்க வேண்டும். இதற்காகப் பணம் நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. நம் நாட்டுச் சட்டப்படி இசையமைத்தவர் காலமாகி அறுபது ஆண்டுகள் முடிந்தால் அவர் எழுதியது பொதுச் சொத்து. சோலர், மொசார்ட், கிளெமெண்டி, கிரீக், சேன்-சான்ஸ் எல்லோரும் அதில் அடக்கம். 1945-ல் காலமான பார்தோக்கும் வந்துவிட்டார். 1975-ல் காலமான ஷஸ்டகோவிச்சுக்கு இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டும், அவருடையதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, நம் பங்குக்கு ஒன்று இருக்கிறது. இதை இசை தெரிந்தவர்கள் யாராவது செய்தால் நன்றாக இருக்கும். முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் இருந்த காலத்தில், சின்னய்ய முதலியார் அவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டது அப்போதுதான். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், அவையே நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரணத்தின் நேரான ஸ்வரங்கள், கமகம் கிடையாது. பியானோவுக்கென்றே எழுதியது போல இருக்கும். மூன்றாவது கிரேடு கைக்குள் அடங்கும்.

அதில் 'சியாமளே மீனாட்சி' இன்று நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் பாடும் ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டை ஒட்டியது. அது பழைய பிரெஞ்சு மெட்டு. இதே மெட்டை வைத்து மொசார்ட் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதியிருக்கிறார், சி மேஜரில். சேன்-சான்ஸும் தன் மிருகங்களில் 'புதைபடிவங்கள்' என்ற உருப்படியில் இதைக் கிண்டலாகச் செருகியிருக்கிறார். தீட்சிதர் பிறந்தது 1775, மொசார்ட் 1756. இருவரும் ஒரே காலத்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். முதல் பியானோவில் சின்னப் பிள்ளை தீட்சிதரின் மெட்டை நிதானமாக வாசிக்கட்டும். இரண்டாவது பியானோவில் பெரிய பிள்ளை மொசார்ட்டின் முதல் மாறுபாட்டை அதன் மேல் ஓடவிடட்டும். இரண்டின் வரிகளும் அளவில் ஒன்றுபோல நிற்க அங்கங்கே கொஞ்சம் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். டீச்சரம்மா பென்சிலும் ரப்பருமாக அந்த வேலையில்தான் இருக்கிறார். எட்டாவது வரியில் ஓர் இடம் மட்டும் இன்னும் இடிக்கிறதாம்.